85,165 டாலர் என்று வந்த கடிதம்: ஒரு டெலவேர் கம்பெனிக்கு நன்னிலைச் சான்று வாங்கியது எப்படி

2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை காலை. பீளமேட்டில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் இரண்டு தம்பிகள், கணக்கு பார்க்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைக் குழுமம் அவர்களோடு ஒப்பந்தம் போட ஒத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அது மிகப் பெரிய ஒப்பந்தம். 21-ம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் காகிதங்கள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். பட்டியலில் எல்லாம் ஆகிவிட்டது, ஒன்றைத் தவிர: அவர்கள் கம்பெனியைப் பதிவு செய்திருந்த அமெரிக்காவின் டெலவேர் மாநில அரசு, கடந்த 30 நாட்களுக்குள் கொடுத்த 'சர்டிபிகேட் ஆஃப் குட் ஸ்டாண்டிங்', அதாவது நன்னிலைச் சான்று.

"அக்கா, அது எங்ககிட்ட இருக்குதுன்னு அனுப்புனோமுங்க. அது இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்றார் மூத்தவர்.

அவர்கள் அனுப்பியது கம்பெனி பதிவான அன்று கிடைத்த இன்கார்ப்பரேஷன் சான்றிதழ். இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள். இரண்டும் அரசு முத்திரையோடு வருகிற காகிதங்கள்தான், ஆனால் பதிவுச் சான்றிதழ் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. கேட்டதோ வாழ்வுச் சான்றிதழ். பென்ஷன் வாங்கும் பெரியவர் தன் பிறப்புச் சான்றை எத்தனை முறை நீட்டினாலும் கருவூலத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார் என்று எழுதின தாள்தான் வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு. நன்னிலைச் சான்றும் அப்படித்தான். 'இந்தக் கம்பெனி எங்கள் மாநிலச் சட்டப்படி அமைந்தது, இந்தத் தேதியில் சட்டப்படி உயிரோடு இருக்கிறது, எங்களுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தியிருக்கிறது' என்று மாநிலம் சொல்லும் ஒரு பக்கம்.

இந்த அனுபவத்தை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன். கோவையிலும் சென்னையிலும் டெலவேரில் கம்பெனி வைத்திருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர்களுக்கு நடந்தது அவர்களில் யாருக்கும் நடக்கலாம்.

டெலவேர் ஏன்

அமெரிக்காவில் கம்பெனிகளைப் பதிவு செய்வது மாநிலங்களின் வேலை. நம் ஊரில் போல நாட்டுக்கே ஒரு கம்பெனிச் சட்டம், ஒரு பதிவாளர் அமைப்பு என்று அங்கே இல்லை. டெலவேர் சுமார் 10 லட்சம் பேர் வாழும் சின்ன மாநிலம். ஆனால் அங்கே பதிவாகியிருக்கும் நிறுவனங்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஃபார்ச்சூன் 500 பட்டியலில் இருப்பவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அங்கே பதிவானவை. 1899-ல் வந்த அவர்களுடைய கம்பெனிச் சட்டமும், கம்பெனி வழக்குகளுக்கென்றே பேர் பெற்ற சான்சரி நீதிமன்றமும் அதற்குக் காரணம். அமெரிக்க முதலீட்டாளர்கள் பழகிய சட்டம் என்பதால் இங்கிருந்து போகிறவர்களும் அங்கேயே பதிவு செய்கிறார்கள்.

இந்தத் தம்பிகளும் 2022 ஆகஸ்டில் ஓர் ஆன்லைன் சேவை வழியாகப் பதிவு செய்திருந்தார்கள். 1 கோடி பங்குகள் வரை வெளியிடலாம் என்று கம்பெனியின் சாசனத்தில், அதாவது பதிவின்போது மாநிலத்தில் தாக்கல் செய்த அமைப்பு ஆவணத்தில், அனுமதி. அதில் 80 லட்சம் பங்குகளை வெளியிட்டிருந்தார்கள். ஸ்டார்ட்அப் உலகில் வழக்கமாகப் போடும் எண்தான். இந்த 1 கோடி என்கிற எண்தான் பின்னால் அவர்களைப் பயமுறுத்தியது.

முதலில் நிலையைப் பார்த்தோம்

சான்று கேட்டு விண்ணப்பிக்கும் முன்னால் கம்பெனியின் நிலையைப் பார்த்துவிட வேண்டும். நம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் 'ஆக்டிவ்' என்றோ 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்றோ காசில்லாமல் தெரிந்துவிடும். டெலவேரில் பெயர், கோப்பு எண், பதிவான தேதி, பதிவு முகவர் (கம்பெனிக்கு வரும் அரசு அறிவிப்புகளை அங்கே வாங்கிக் கைமாற்றுபவர்) யார் என்கிற விவரங்கள் மட்டும்தான் இலவசம். நிலையைத் தெரிந்துகொள்ள 10 டாலர். வரி விவரமும் சேர்த்து வேண்டுமென்றால் 20 டாலர். தேடினால் பெயர் வருகிறதே, அப்படியானால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்துவிடுவது இதனால்தான். செத்துப்போன கம்பெனியின் பெயரும் அந்தத் தேடலில் வரும்.

20 டாலர் கட்டிப் பார்த்தோம். 2023-ம் ஆண்டுக்கான ஆண்டு அறிக்கை தாக்கல் ஆகவில்லை. வரி கட்டவில்லை. கம்பெனி நன்னிலையில் இல்லை.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இளையவர் மெதுவாகத் தன் போனில் பழைய மின்னஞ்சல் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினார். 2024 ஜனவரியில் பதிவு முகவர் அனுப்பியது. டெலவேர் அரசின் அறிவிப்பு அதோடு இணைக்கப்பட்டிருந்தது. மார்ச் 1-க்குள் செலுத்த வேண்டிய ஃப்ரான்சைஸ் வரி என்று அதில் இருந்த தொகை 85,165 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 70 லட்சம் ரூபாய். கம்பெனியின் மொத்தச் சொத்தே அப்போது 38,000 டாலர்தான்.

"ஏமாத்து வேலைன்னு நினைச்சு விட்டுட்டோமுங்க்கா."

அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் புதுக் கம்பெனி தொடங்கியவர்களுக்கு அரசுக் கடிதம் போலவே அச்சடித்து, அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று பணம் கேட்டு வரும் போலிக் கடிதங்கள் உண்மையிலேயே உண்டு. நன்னிலைச் சான்று வாங்கித் தருகிறோம் என்று, யாரும் கேட்காத சான்றுக்குப் பணம் கேட்கும் கடிதங்களும் அதில் சேர்த்தி. பல மாநில அரசுகளே இதைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. இந்த அறிவிப்பு உண்மையானது. அதில் இருந்த தொகையும் கணக்குப்படி சரியானதுதான். அவர்கள் அதைக் கட்ட வேண்டிய அவசியம் மட்டும் இல்லை.

85,165 எங்கிருந்து வந்தது

டெலவேரில் பங்கு வெளியிடும் கம்பெனிகளுக்கு ஃப்ரான்சைஸ் வரியைக் கணக்கிட இரண்டு முறைகள் இருக்கின்றன. இது வருமான வரி இல்லை. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் உண்டு. அந்த மாநிலத்தின் பெயரில் கம்பெனி வைத்திருப்பதற்கான ஆண்டுக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் முறையில் அனுமதிக்கப்பட்ட பங்குகளின் எண்ணிக்கை மட்டும் போதும். 5,000 பங்கு வரை 175 டாலர். 10,000 பங்கு வரை 250 டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு 10,000 பங்குக்கும் 85 டாலர். 1 கோடி பங்கு என்றால் முதல் 10,000-க்கு 250, மீதி 999 பத்தாயிரங்களுக்குத் தலா 85. கூட்டினால் 85,165. மாநிலத்துக்கு உங்கள் சொத்து என்ன, எத்தனை பங்கு வெளியிட்டீர்கள் என்பது அறிக்கை கொடுக்கும்வரை தெரியாது. சாசனத்தில் இருக்கும் அனுமதி எண் மட்டும்தான் அதன் கையில் இருக்கிறது. அதனால் அறிவிப்பில் இந்த முறைப்படி வரும் தொகைதான் அச்சாகி வரும்.

இரண்டாவது முறையில் சொத்தும் கணக்கில் வருகிறது. கம்பெனியின் மொத்தச் சொத்தை வெளியிட்ட பங்குகளால் வகுக்க வேண்டும். இவர்களுக்கு 38,000-ஐ 80 லட்சத்தால் வகுத்தால் ஒரு பங்குக்கு 0.00475 டாலர். அதை அனுமதிக்கப்பட்ட 1 கோடியால் பெருக்கினால் 47,500 டாலர். இதற்கு 10 லட்சம் டாலருக்கு 400 என்ற விகிதத்தில் வரி. 10 லட்சத்துக்குள் இருந்தால் முழு 400. இந்த முறையில் அதுதான் குறைந்தபட்சமும்கூட. இவர்கள் சாசனத்தில் ஒரு பங்குக்கு எழுதியிருந்த முகமதிப்பு இந்த 0.00475-ஐ விட மிகக் குறைவு, அதனால் வேறு சிக்கல் இல்லை. முகமதிப்பை அதிகமாக வைத்தவர்களுக்குக் கணக்கு மாறும், அதைத் தனியே பார்க்க வேண்டும்.

இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். சட்டம் அனுமதிக்கிற முறைதான் இது, சலுகை கேட்டு விண்ணப்பிக்கக்கூட வேண்டாம். ஆண்டு அறிக்கையை ஆன்லைனில் நிரப்பும்போது வெளியிட்ட பங்கு எண்ணிக்கை, மொத்தச் சொத்து என்ற இரண்டு கட்டங்களை நிரப்பினால் திரையில் தொகை தானாகவே இறங்கும். 85,165 கண்முன்னே 400 ஆனபோது மூத்தவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வருடமாக அந்த மின்னஞ்சல் அவருக்குள் எங்கோ உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சரி, தவறு எங்கே நடந்தது? முதல் ஆண்டு அறிக்கையைப் பதிவு செய்து கொடுத்த சேவையே தன் தொகுப்பில் சேர்த்து முடித்துக் கொடுத்துவிட்டது. அப்படி ஒன்று இருப்பதே இவர்களுக்குத் தெரியாமல் போனது. அடுத்த ஆண்டு அந்தத் தொகுப்பு முடிந்தது. அமெரிக்க வருமான வரிப் படிவங்களைத் தாக்கல் செய்த கணக்காளர், மாநில வரியைப் பதிவு முகவர் பார்ப்பார் என்று நினைத்தார். முகவரின் வேலை அறிவிப்பைக் கைமாற்றுவது, அதை அவர் செய்துவிட்டார். இவர்களுக்கு இங்கே தனியாக இருக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கணக்குகளை நாங்கள் பார்க்கிறோம். டெலவேர் எங்கள் பொறுப்பில் இல்லைதான், ஆனாலும் மார்ச் மாதம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என்னை இன்றும் வருத்துகிறது.

மார்ச் 1-க்கு 19 நாட்கள்

எனக்கு 21-ம் தேதியைவிட மார்ச் 1 பற்றித்தான் கவலை அதிகமாக இருந்தது. ஃப்ரான்சைஸ் வரியை ஓராண்டு கட்டாமல் விட்டால் கம்பெனியின் சாசனமே செல்லாததாகிவிடும் என்று டெலவேர் சட்டம் சொல்கிறது. 2024 மார்ச் 1-ல் கட்ட வேண்டிய வரிக்கு அந்த ஓராண்டு 2025 மார்ச் 1-ல் முடிகிறது. மருத்துவமனை இந்தச் சான்றைக் கேட்காமல் இருந்திருந்தால், யாருக்கும் தெரியாமல் அந்தக் கம்பெனி செல்லாததாகியிருக்கும்.

செல்லாததான கம்பெனியை மீட்க முடியாது என்றில்லை. பாக்கி எல்லாம் கட்டி, மீட்புச் சான்றிதழ் தாக்கல் செய்து உயிர்ப்பிக்கலாம். இடையில் செய்த செயல்களும் அதன்பின் செல்லுபடியாகும். ஆனால் அதற்குள் அதே பெயரை வேறொருவர் எடுத்திருந்தால் வேறு பெயரில்தான் எழ வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் நேரத்தில் 'எங்கள் கம்பெனி இப்போது செல்லாது, கொஞ்சம் பொறுங்கள்' என்று எந்த வாடிக்கையாளரிடம் சொல்வது?

இன்னொரு ஆபத்தும் தெரிய வந்தது. பதிவு முகவருக்கு இரண்டு ஆண்டுக் கட்டணம் பாக்கி. டெலவேரில் முகவரி உள்ள ஒரு முகவர் ஒவ்வொரு கம்பெனிக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். முகவர் விலகுவதாக அறிவித்து, 30 நாட்களுக்குள் கம்பெனி வேறொருவரை நியமிக்காவிட்டால், அந்தக் காரணத்துக்காகத் தனியாகவே சாசனம் பறிபோகும். விலகப் போகிறோம் என்று எச்சரித்து முகவர் அனுப்பிய மின்னஞ்சல், வேலையை விட்டுப் போன ஒரு பணியாளரின் பெட்டியில் திறக்கப்படாமல் கிடந்தது.

முகவருக்குத்தான் முதலில் பணம் அனுப்பச் சொன்னேன். சான்றை அவர் வழியாக வாங்குவதுதான் வேகம் என்பதும் ஒரு காரணம்.

அடுத்தது 2023 அறிக்கை. அதில் கேட்பது அதிகமில்லை: கம்பெனி இயங்கும் முகவரி, எல்லா இயக்குநர்களின் பெயரும் முகவரியும், ஓர் அதிகாரியின் பெயர். இந்திய முகவரி கொடுக்கலாம். சொத்து எண்ணுக்கு அமெரிக்க வருமான வரிப் படிவம் 1120-ல் இருக்கும் சொத்து அட்டவணையைத்தான் ஆதாரமாகக் கொள்ள வேண்டும், மனதில் தோன்றிய எண்ணைப் போடக் கூடாது. வரி 400, அறிக்கைக் கட்டணம் 50, தாமத அபராதம் 200, வரிக்கும் அபராதத்துக்கும் மாதம் 1.5 சதவீத வட்டி. எல்லாம் சேர்ந்து 760 டாலரைத் தாண்டவில்லை. செவ்வாய் இரவு கட்டி முடித்தோம். 2024-ம் ஆண்டுக்கான அறிக்கைக்கும் மார்ச் 1 வரைதான் நேரம் என்பதால் கையோடு அதையும் தாக்கல் செய்து 450 டாலர் கட்டினோம். சான்றுக்கு அது அப்போது அவசியமில்லை. ஆனால் பிப்ரவரியில் சான்று வாங்கிவிட்டு மார்ச்சில் மறுபடியும் நன்னிலை இழக்கிற கம்பெனிகள் உண்டு.

சான்றை வாங்கியது

டெலவேரில் சான்று இரண்டு வகை. சுருக்கமானது 50 டாலர். கம்பெனி இருக்கிறது, நன்னிலையில் இருக்கிறது, அறிக்கைகளும் வரியும் இன்றுவரை சரியாக உள்ளன என்பதோடு முடியும். நீளமானது 175 டாலர். பதிவானதிலிருந்து தாக்கல் செய்த ஆவணங்களின் பட்டியலும் அதில் வரும். பெரிய முதலீடு, கம்பெனி கைமாறுவது போன்ற வேலைகளில் வழக்கறிஞர்கள் நீளமானதைக் கேட்பதுண்டு. எது வேண்டும் என்று மருத்துவமனையிடமே கேட்கச் சொன்னேன். சுருக்கமானது போதும் என்று பதில் வந்தது. அவசரமாக வேண்டுமென்றால் கூடுதல் கட்டணத்தில் 24 மணி நேரத்திலோ அன்றைக்கே கூடவோ கொடுப்பார்கள். ஒரு மணி நேரத்திலேயே கிடைக்கும் வழியும் இருக்கிறது, அதற்கு 1,000 டாலர். எங்களுக்கு 24 மணி நேரமே தாராளம்.

புதன்கிழமை நிலையை மறுபடி பார்த்தோம், சரியாகிவிட்டிருந்தது. அன்று மாலை விண்ணப்பம் போனது. குளிர்காலத்தில் டெலவேர் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். நம் மாலை ஏழரைதான் அவர்களுக்குக் காலை ஒன்பது. வியாழன் இரவு பிடிஎஃப் வந்து சேர்ந்தது. மேலே டெலவேர் என்று பெரிய எழுத்தில், கீழே மாநிலச் செயலரின் கையெழுத்து, முத்திரை, கோப்பு எண், சரிபார்ப்பு எண். அந்த எண்களை மாநிலத்தின் தளத்தில் போட்டு யாரும் உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். இளையவர் நள்ளிரவில் இரண்டு முறை போட்டுப் பார்த்ததாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அனுப்பினோம். திங்கட்கிழமை திரும்பி வந்தது. காரணம் ஒரு காற்புள்ளி! சாசனத்தில் கம்பெனி பெயருக்கும் 'இன்க்' என்பதற்கும் நடுவே காற்புள்ளி இருக்கிறது. சான்றில் சாசனப்படிதான் பெயர் வரும். மருத்துவமனையின் படிவத்திலும் ஒப்பந்த வரைவிலும் இவர்கள் காற்புள்ளி இல்லாமல் எழுதியிருந்தார்கள். சான்றைத் திருத்த முடியாது, திருத்த வேண்டியதும் இல்லை. படிவத்தைத் திருத்தினோம். 19-ம் தேதி ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தத் தாள் சொல்லாதவை

ஒப்பந்தம் முடிந்த மகிழ்ச்சியில், "அப்போ அமெரிக்காவுல எல்லாமே சரியா இருக்குதுன்னு அர்த்தம்தானுங்க்கா?" என்று மூத்தவர் கேட்டார். இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசினேன்.

நன்னிலைச் சான்று என்ற பெயரைக் கேட்டதும் நன்னடத்தைச் சான்று போல மனதில் பதிந்துவிடுகிறது. அதைவிட நம் சார்பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்றோடு ஒப்பிடுவது பொருந்தும். வில்லங்கச் சான்று அந்த அலுவலகத்தில் பதிவானதை மட்டும் சொல்லும். பதிவாகாத கடனோ வாய்மொழிப் பாகமோ அதில் இருக்காது. டெலவேர் சான்றிலும் 'இந்த அலுவலகத்தின் பதிவேடுகள் காட்டும் அளவில்' என்ற பொருள் தரும் வாசகம் இருக்கிறது. அந்த அளவோடு அதன் பேச்சு நின்றுவிடுகிறது.

மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வெளிநாட்டவர் 25 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் அமெரிக்கக் கம்பெனி, தன் வெளிநாட்டுத் தொடர்புடையவர்களோடு செய்த பரிமாற்றங்களைப் படிவம் 5472-ல் காட்ட வேண்டும். தவறினால் அபராதம் 25,000 டாலர். அந்தப் படிவமே கொடுக்காத கம்பெனிக்கும் டெலவேர் தாராளமாக நன்னிலைச் சான்று கொடுக்கும். இவர்களுடைய அமெரிக்கக் கணக்காளர் அதை ஒழுங்காகக் கொடுத்திருந்தார். நகல்களை வாங்கிப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி.

மற்ற மாநிலங்களைப் பற்றியும் டெலவேர் பேசாது. வேறொரு மாநிலத்தில் அலுவலகம் வைத்தாலோ ஆள் போட்டாலோ அங்கே தனியாகப் பதிய வேண்டி வரலாம். அங்கே நன்னிலை என்பது அந்த மாநிலத்தின் கணக்கு. பெயர்கூட ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் இதை 'சர்டிபிகேட் ஆஃப் ஸ்டேட்டஸ்' என்பார்கள். பென்சில்வேனியாவில் 'சப்சிஸ்டன்ஸ்', ஜார்ஜியாவில் 'எக்சிஸ்டன்ஸ்'. டெக்சாஸில் மாநிலச் செயலர் ஒரு சான்றும், வரி கவனிக்கும் கம்ப்ட்ரோலர் இன்னொரு சான்றும் கொடுக்கிறார்கள். டெக்சாஸ் வாடிக்கையாளர் நன்னிலைச் சான்று கேட்டால் இரண்டில் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எல்எல்சி என்னும், பங்கு வெளியிடாத வகை நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டெலவேரில் எல்எல்சிக்கு ஆண்டு அறிக்கை கிடையாது, பங்குக் கணக்கும் கிடையாது. ஜூன் 1-க்குள் 300 டாலர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அங்கேயும் 200 டாலர் அபராதம், மாதம் 1.5 சதவீத வட்டி, நன்னிலை இழப்பு. மார்ச் என்றே மனதில் வைத்திருந்து ஜூனைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் முகவரிடம் இருந்த தொடர்பு மின்னஞ்சலை மாற்றினோம். ஒருவர் பெயரில் இல்லாமல், இரண்டு தம்பிகளுக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் வரும் பொது முகவரி. அமெரிக்கக் கணக்காளர், முகவர், நாங்கள் மூவரும் யார் எதைச் செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டோம். டெலவேர் ஆண்டு அறிக்கை எங்கள் பக்கம் வந்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

2026 ஜனவரியில் அந்தப் பொது முகவரிக்கு முகவரின் அறிவிப்பு வந்தது. தொகை அதே 85,165 டாலர். நான் திறப்பதற்குள் இளையவரின் பதில் வந்திருந்தது: "அக்கா, பங்கு எண்ணிக்கை மாறலைங்க. சொத்துக் கணக்கை அமெரிக்காவுல கேட்டிருக்கேன், வந்ததும் அனுப்புறேன். 400 தான் வரும்னு நினைக்கிறேன், ஒருவாட்டி பார்த்துச் சொல்லுங்க."